ரோமில் ஏழு நாள், அரைப் பவுன் வெள்ளி

கோவையில் ஒரு வங்கிக் கிளையில் 31 வருடம் நகை மதிப்பீட்டாளராக இருந்தேன். அடகுக்கு வரும் தாலிக்கொடி, ஆரம், வளையல் எல்லாவற்றையும் உரைகல்லில் உரசி மாற்றுச் சொல்வது என் பிழைப்பு. நகையில் லட்சுமி இருக்கிறாளா, மயில் இருக்கிறதா என்று நான் கவனித்ததே இல்லை. எடை, மாற்று, கல் கழிவு. இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு சென்னையில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் உட்கார முடியாமல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அங்கேதான் ரோமானிய வெள்ளிக்காசுகளை முதலில் பார்த்தேன். 1842-இல் வெள்ளலூரில் மட்டும் இப்படி 500-க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன என்பது பிறகு தெரிந்தது. வெள்ளலூர் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அந்த வகைக் காசு ஒன்றின் பின்புறத்தில் இரண்டு பையன்கள் நிற்கிறார்கள். நடுவில் கேடயமும் ஈட்டியும். வாழ்க்கையில் முதல்முறையாக எடையை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன். யார் இந்தப் பையன்கள்?

மகள் இத்தாலியில் தூரின் நகரத்தில் வேலை பார்க்கிறாள். "ஒரு வாரம் விடுப்பு எடுக்கிறேன், வாருங்கள் அப்பா" என்றாள். மனைவிக்கு மூட்டுவலி. "நீங்கள் போய் உங்கள் காசைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவைத்தாள். இரவுகளில் எழுதிவைத்ததை இப்போது நாள் வாரியாகப் போடுகிறேன். கால் இன்னும் வலிக்கிறது.

மார்ச் 11, திங்கள்

டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அறை. மூன்றாவது மாடி. லிஃப்டில் இரண்டு பேர் போகலாம், பெட்டி இல்லாத இரண்டு பேர். குழாயைத் திறந்தால் வெந்நீர் வருவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடலாம்.

குளித்துவிட்டு நேரே பலாட்சோ மாசிமோவுக்கு நடந்தோம். ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் அருங்காட்சியகம். காசுகள் எல்லாம் அதன் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெரிந்துவைத்திருந்தவன், 7,000 கிலோமீட்டர் பறந்து வரும்போது இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

காப்பி குடிக்கப் போனோம். நின்றுகொண்டு குடித்தால் 1.30 யூரோ, உட்கார்ந்தால் வேறு விலை. பத்து யூரோ நோட்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த அம்மாள் முகத்தைச் சுளித்து "மொனேத்தா?" என்றார். சில்லறை இருக்கிறதா என்று கேட்கிறார் என்றாள் மகள். நம் டவுன் பஸ் நடத்துநரின் அதே முகம். கடைசியில் அவரே தேடிச் சில்லறை கொடுத்தார். அதில் ஒரு ஐம்பது சென்ட் காசு. ஒரு பக்கம் குதிரைமேல் மார்க்கஸ் அரேலியஸ், மறுபக்கம் 50 என்ற எண். கல்லா அம்மாள் குதிரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை மகளிடம் சொன்னேன்: நாம் பூவா தலையா போடுவதுபோல ரோமானியப் பையன்கள் 'தலையா கப்பலா' என்று சுண்டுவார்களாம். பழைய வெண்கலக் காசில் ஒரு பக்கம் ஜேனஸ் என்ற இரட்டைமுகத் தெய்வம், மறுபக்கம் கப்பலின் முகப்பு. தலையும் கப்பலும் போன பிறகும் பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. "இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்றாள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, அம்மணி.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். மேல்தளங்களில் பெரிய பெரிய சிலைகள். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரர் ஒருவர் இருக்கிறார், வெண்கலத்தில்; அவரை விட்டு வர மகளுக்கு மனமில்லை. நான் மட்டும் முதலில் கீழே இறங்கினேன்.

லாக்கர் அறைக்குள் போவது போலவே இருந்தது. கனத்த கதவு, மங்கிய வெளிச்சம், ஏசிக் குளிர். கண்ணாடிப் பெட்டிகளின் மேல் உருப்பெருக்கி. பொத்தானை அழுத்தினால் காசுக்குக் காசு நகர்கிறது. 31 வருடம் கண்ணில் இடுக்கிக்கொண்டிருந்த லென்ஸை இங்கே இயந்திரம் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

டெனாரியஸ் என்பதுதான் அந்த வெள்ளிக்காசின் பெயர். கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹனிபாலோடு போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்தது. பத்து 'ஆஸ்' வெண்கலக் காசுக்கு ஒன்று என்பதால் அந்தப் பெயர். முகப்பில் பத்தைக் குறிக்கும் எக்ஸ் குறியும் உண்டு. முதலில் நாலரை கிராம் அடித்தார்கள், கொஞ்ச காலத்தில் 3.9 கிராமுக்கு வந்து நின்றது. அரைப் பவுனுக்கு ஒரு குன்றிமணி குறைவு. வெள்ளியோ ஏறக்குறைய சுத்தம். முன்புறம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, பின்புறம் குதிரையில் பாயும் இரட்டையர் காஸ்டரும் போலக்ஸும். ஆரம்பத்தில் அவ்வளவுதான். யார் பெயரும் பெரிதாக இல்லை.

பிறகு அந்த மூன்று இளைஞர்கள் வருகிறார்கள். காசு அடிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் மூன்று பேரிடம். அரசியலில் அப்போதுதான் காலை வைத்தவர்கள், நாளைக்குத் தேர்தலில் நிற்கப்போகிறவர்கள். ஊர் முழுக்கக் கைமாறும் பொருளில் தங்கள் பெயரைப் போட ஒரு வருடம் வாய்ப்பு. விடுவார்களா? தாத்தா வென்ற போர், கொள்ளுத்தாத்தா கொண்டுவந்த சட்டம், மூதாதை கட்டிய கால்வாய் எல்லாம் காசில் ஏறிவிட்டன. நம் கல்யாணப் பத்திரிகையில் 'இன்னாரின் பேரனும் இன்னாரின் பௌத்திரனும்' என்று மிராசு, மணியம், ஓய்வு பெற்ற தாசில்தார் வரை வரிசையாக அச்சடிப்பது போலத்தான். வித்தியாசம், அவர்கள் வெள்ளியில் அடித்தார்கள்.

எனக்குப் பிடித்த காசு கி.மு. 63-ஐ ஒட்டியது. அங்கி போட்ட ஒருவர் ஓட்டுச் சீட்டைப் பெட்டிக்குள் போடுகிறார். சீட்டு என்றால் மெழுகு பூசிய சிறு பலகை. அதில் 'வி' என்று ஒரு எழுத்து, 'நீங்கள் கேட்டபடியே' என்பதன் முதலெழுத்து. அதாவது ஆம் என்ற ஓட்டு. அடித்தவர் லூசியஸ் காசியஸ் லாஞ்சினஸ். அவர் குடும்பத்து முன்னோர் ஒருவர் கி.மு. 137-இல் மக்கள் நீதிமன்றத்தில் ரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்தவர். அரைப் பவுன் அகலத்தில் ஒரு மனிதர் ஓட்டுப் போடுவது அப்படியே தெரிகிறது. நான் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். காவலர் அம்மாள் வந்து தோளைத் தட்டி, விரலை ஆட்டி, பையிலிருந்து துணி எடுத்து நெற்றி பட்ட இடத்தைத் துடைத்தார். திட்டும்போதுகூடச் சத்தம் எழவில்லை. கால் மணி கழித்து அவரே வந்து, நான் தவறவிட்ட ஒரு பெட்டியைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பெட்டியில் இருந்த காசுகளின் மேல் சின்னச் சின்னக் குத்துக் குறிகள். ரோமாவின் கன்னத்தில் ஒரு பிறை, குதிரையின் வயிற்றில் ஒரு வட்டம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவை என் தொழில்காரர்கள் போட்ட குறிகள்! காசு பரிசோதகர்கள் 'இது நல்ல வெள்ளிதான்' என்று சிறு முத்திரை உளியால் குத்திப் பார்த்த தடம். ஏனென்றால் செம்பு நாணயத்தின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய போலிகள் அப்போதே ஏராளம். பார்வைக்குத் தெரியாது, குத்தினால் சிவப்பு தெரிந்துவிடும். கி.மு. 85-இல் மாரியஸ் கிராட்டிடியானஸ் என்ற அதிகாரி காசுகளைச் சோதித்துப் போலிகளை ஒழிக்க உத்தரவு போட்டார். மக்கள் மகிழ்ந்துபோய்த் தெருவுக்குத் தெரு அவருக்குச் சிலை வைத்தார்களாம். மதிப்பீட்டாளர் வேலைக்குச் சிலை! மூன்றே வருடத்தில் உள்நாட்டுப் போரில் எதிர்க்கட்சி அவரைக் கொடூரமாகக் கொன்றது, சிலைகளும் போயின. நான் எனக்குக் கிடைத்த சால்வையோடு திருப்தி அடைந்துகொள்கிறேன்.

சீசரிடம் வந்தபோது நடையின் வேகம் மாறுகிறது. முதலில் பாம்பை மிதிக்கும் யானை, கீழே சீசர் என்று பெயர். கி.மு. 44-இன் தொடக்கத்தில் பெயர் போதாமல் முகமே வந்துவிட்டது: சுருக்கம் விழுந்த கழுத்து, தலையில் மாலை, 'ஆயுள் முழுக்கச் சர்வாதிகாரி' என்ற வாசகம். உயிரோடு இருக்கும் மனிதரின் முகம் ரோம் நகரக் காசில் ஏறியது அதுவே முதல்முறை. அந்த ஆயுள் மார்ச் மாதத்தைத் தாண்டவில்லை.

வெளியே வரும் வழியில் புத்தகக் கடை. 60 யூரோ விலை போட்ட ஒரு தடித்த புத்தகத்தை நின்றபடியே புரட்டினோம். அதில் ஒரு படம்: விரல் நீள எலும்புக் குச்சி, நான்கு பக்கமும் எழுத்து, ஒரு முனையில் துளை. மகள் வாசித்துச் சொன்னாள். சோதித்து முடித்த காசுகளைப் பையில் போட்டு முத்திரையிட்டு இந்தக் குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். ஒரு பக்கம் சோதித்தவன் பெயர், பெரும்பாலும் அடிமை. அடுத்த பக்கம் எஜமானன் பெயர். மூன்றாவது பக்கம் 'ஸ்பெக்டாவிட்', பார்த்தான் என்று பொருள், கூடவே நாளும் மாதமும். நான்காவது பக்கம் ஆண்டு.

நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை. என் வேலையும் இதுதானே. நகைப் பையைக் கட்டி, அரக்கு வைத்து, சீட்டில் எடையும் மாற்றும் எழுதி, கீழே என் சுருக்கொப்பம், தேதி. சீசர் தன் முகத்தை அடித்துவிட்டுப் போய்விடுகிறார். அதைக் கையில் வாங்கிக் குத்திப் பார்த்துப் 'பார்த்தான்' என்று எழுதியவன் பெயர் தெரிந்த ஓர் அடிமை. அறுபது யூரோ அதிகம் என்று புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 13, புதன்

மழை. ஐந்து யூரோவுக்கு வாங்கிய குடை பத்து மணிக்குள் திரும்பிக்கொண்டது. காற்று நின்ற பிறகும் அது நேராக மறுத்துவிட்டது.

கேப்பிடோல் குன்றின் மேல் ஆராச்செலி தேவாலயம். 124 படிகள், மழையில் வழுக்கும் பளிங்கு. இந்தக் குன்றின் மேல்தான் ஜூனோ மொனேட்டாவின் கோயில் இருந்தது. அதை ஒட்டியே காசு அடிக்கும் பட்டறை. அம்மன் பெயரே காசுக்கும் ஆகிவிட்டது. கல்லா அம்மாள் நேற்று முன்தினம் என்னிடம் கேட்ட 'மொனேத்தா' இந்தத் தெய்வத்தின் பெயர்தான். ஆங்கிலேயர் பணத்துக்குச் சொல்லும் சொல்லும் இங்கிருந்து போனதே. கி.மு. 46-இல் காரிசியஸ் என்பவர் அடித்த டெனாரியஸில் இந்த அம்மன் முகமும், பின்புறத்தில் இடுக்கி, சுத்தியல், அச்சு ஆகியவையும் இருக்கின்றன. பட்டறையின் சாமான்களையே காசில் போட்டிருக்கிறான், மகராசன். அந்த மூன்று இளைஞர் கூட்டத்திலேயே எனக்கு உறவு வைத்துக்கொள்ளத் தோன்றிய ஒரே ஆள்.

பின்பக்கமாக இறங்கினால் ஃபோரம், பழைய ரோமின் பொதுச் சதுக்கம். எட்டுத் தூண்களோடு நிற்பது சாட்டர்ன் கோயில். அரசாங்கக் கருவூலம் அங்கே இருந்தது. கி.மு. 49-இல் சீசர் படையோடு வந்து, தடுத்த மெட்டெல்லஸ் என்ற மக்கள் பிரதிநிதியை மிரட்டித் தள்ளிவிட்டுக் கதவை உடைத்து எடுத்துக்கொண்டார். பாம்பை மிதிக்கும் யானைக் காசை அவர் அடித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

சற்றுத் தள்ளி பேரரசர் செப்டிமியஸ் செவேரஸின் வளைவு, கி.பி. 203-இல் எழுப்பியது. ஒரே இடத்தில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினால் ஒரு காசின் பிறப்பும் நோயும் தெரிகிறது. நீரோ கி.பி. 64-இல் டெனாரியஸின் எடையை 3.4 கிராம் பக்கம் இறக்கிச் செம்பையும் கூட்டினான். செவேரஸ் காலத்தில் வெள்ளி ஏறக்குறையச் சரிபாதி ஆகிவிட்டது. படைக்குச் சம்பளத்தை ஏற்றியவர் அவர். வீரர்களைப் பணக்காரர்களாக்குங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள் என்று சாகும்போது பிள்ளைகளுக்குச் சொன்னதாகக் கதை. மூத்தவன் கராகல்லா தம்பி கெட்டாவைக் கொன்றுவிட்டு, இந்த வளைவிலிருந்தும் அவன் பெயரைச் செதுக்கி எடுத்தான். நான்காவது வரியில் கல் குழிந்திருக்கிறது, கீழே இருந்தே தெரியும். 260-களில் கல்லியேனஸ் ஆட்சியின் கடைசிக்கு வந்தால் நூற்றுக்கு ஐந்துகூட வெள்ளி இல்லை. வெறும் முலாம். ஆனால் அந்தக் காசுகளில் முகம் தெளிவாக, கிரீடம் கதிர் வீச, 'அமைதி', 'வளம்', 'படைகளின் விசுவாசம்' என்று ஒவ்வொரு பெண் தெய்வமாக நின்றுகொண்டிருக்கிறது. அடகு வைக்க வரும் கவரிங் நகையில்தான் வேலைப்பாடு அதிகமாக இருக்கும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

மதியம் நனைந்துபோய் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். கச்சோ இ பேப்பே, 13 யூரோ. ஆட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டும் போட்ட நூடுல்ஸ் மாதிரி. ரொட்டிக் கூடைக்கும் மேசை விரிப்புக்கும் தனியாக ஆளுக்கு இரண்டு யூரோ. மிளகு பச்சை மணத்தோடு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்த விலை: கருமிளகு ஒரு ராத்தல் நாலு டெனாரியஸ். ரோமானிய ராத்தல் 327 கிராம்தான். அதற்கு இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைந்த எடை வெள்ளி. ஃபோரத்தின் மறுகோடியில் மேக்சென்டியஸ் மண்டபம் நிற்கும் இடத்தில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. நான் தட்டில் ஒட்டியிருந்த மிளகையும் துடைத்துச் சாப்பிட்டேன். பரிமாறிய பையன் "பிராவோ" என்றான்.

மார்ச் 14, வியாழன்

இன்றைக்குத் திட்டத்தில் இல்லாத ஊர். 'காளை ஓநாயைக் குத்தும் காசு' பற்றி நான் மூன்று நாளாகப் பேசியதைக் கேட்டுச் சலித்த மகள், அந்த ஊருக்கே கூட்டிப்போகிறேன் என்றாள்.

ரயிலில் சுல்மோனா வரை மூன்று மணி நேரம். மலைமேல் இன்னும் பனி. சுல்மோனாவில் பாதாம் பருப்பைச் சர்க்கரையில் உருட்டிப் பூ மாதிரி கட்டி விற்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு அதுதான் தாம்பூலப் பையாம். அங்கிருந்து கொர்ஃபீனியோவுக்கு பஸ். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணைப்படி ஒரு பஸ் வரவேண்டும். வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஒரு பெரியவர் தன் பழைய காரை நிறுத்தி, மகளோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, பின்சீட்டில் இருந்த உருளைக்கிழங்கு மூட்டையை ஓரமாகத் தள்ளி ஏறச் சொன்னார். வழி முழுக்கப் பேசினார். பணம் கொடுக்கப் போனபோது கையை மார்பில் வைத்துத் தலையை ஆட்டினார், நம் ஊர்ப் பெரியவர்கள் செய்வது போலவே.

கொர்ஃபீனியோ இன்றைக்குச் சின்னக் கிராமம். கி.மு. 91-இல் ரோமோடு சேர்ந்து போரிட்டும் குடியுரிமை கிடைக்காத இத்தாலியக் குலங்கள் கலகம் செய்தபோது இதுதான் தலைநகரம். இத்தாலியா என்ற பெயரைத் தங்கள் காசில் அடித்தவர்கள் அவர்கள்தான். சில காசுகளில் அது ஆஸ்கன் மொழியில், வலமிருந்து இடமாக, 'வீத்தெலியு' என்று இருக்கிறது. இன்னொன்றில் வீரர்கள் ஒரு பன்றியின் மேல் வாளை நீட்டிச் சத்தியம் செய்கிறார்கள். எல்லாவற்றிலும் துணிச்சலானது அந்தக் காளைதான். காளை இத்தாலி, அதன் கொம்புக்குக் கீழே மல்லாந்து கிடக்கும் ஓநாய் ரோம். அரசியல் கேலிச்சித்திரம் வரைய இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எனக்கு வியப்பாக இருந்தது வேறு. அந்தக் கலகக் காசும் டெனாரியஸ் எடையேதான். அதே அரைப் பவுன், ஒரு குன்றிமணி குறைவு. ரோமைக் கொம்பால் குத்திக் கிழித்தார்கள், ரோமின் படிக்கல்லில் மட்டும் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் கூலிக்கு வந்த வீரன்கூட வாங்கியிருக்க மாட்டான்.

ஊருக்கு வெளியே சான் பெலீனோ தேவாலயம். சுவரில் பழைய ரோமானியக் கல்வெட்டுக் கற்களைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு நாய் வந்து எங்களோடு சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. திரும்பும் பஸ் மட்டும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினோம்.

மார்ச் 15, வெள்ளி

சீசரைக் கொன்ற நாள். ஃபோரத்தில் அவரை எரித்த இடம் என்று சொல்லும் மண்மேட்டில் மக்கள் பூ வைத்திருந்தார்கள். செவ்வந்தி, ரோஜா, ஒரு காகிதத்தில் யாரோ எழுதிய கடிதம். இரண்டாயிரம் வருடம் கழித்துத் திவசம்.

கொலை நடந்தது அங்கே இல்லை. லார்கோ அர்ஜென்டீனா என்ற பள்ளத்தில், ரோமானியத் தளபதி பாம்ப்பி கட்டிய மண்டபத்தின் சபையில். நாங்கள் போனபோது உள்ளே இறங்கிப் பார்க்க ஐந்து யூரோ டிக்கெட். மேலிருந்து பார்ப்பது இலவசம், பூனைகளுக்கு எல்லா இடமும் இலவசம். அர்ஜென்டீனா என்ற பெயர் தென்னமெரிக்க நாட்டால் வந்தது இல்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கின் பழைய லத்தீன் பெயர் அர்ஜென்டோராட்டம். அந்த ஊர்ப் பாதிரியார் இங்கே வீடு கட்டியதால் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது வெள்ளிதான். எனக்கு அது போதும்.

சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸின் கதையைக் காசில் படிப்பது தனி ருசி. கி.மு. 54-இல் அந்த மூன்று இளைஞர்களில் ஒருவராக இருந்தபோது, அரசர்களை விரட்டிய தன் மூதாதை புரூட்டஸ் சேவகர்கள் புடைசூழ நடந்துபோவதை அடித்தார். அதே காசின் மறுபக்கம் சுதந்திரம் என்ற தேவி. பத்து வருடம் கழித்துக் கத்தி எடுத்தார். அதற்கும் பிறகு, கிழக்கே படையோடு அலைந்தபோது அடித்த காசுதான் உலகப் புகழ் பெற்றது: இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே 'மார்ச் 15' என்பதைச் சுருக்கிய எழுத்துகள். சரி, அந்தக் காசின் மறுபக்கம்? புரூட்டஸின் சொந்த முகம்! உயிரோடு இருப்பவன் காசில் முகம் காட்டலாமா என்று கேட்டவர்களின் தலைவர், இரண்டே வருடத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. சம்பளம் வாங்கும் வீரனுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று தெரியவேண்டாமா?

வெள்ளியில் அது நூறு சொச்சம்தான் மிஞ்சியிருக்கிறது. தங்கத்தில் அடித்த ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போய், வந்த வழி பொய் என்று தெரிந்து 2023-இல் கிரீஸ் நாட்டுக்குத் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. நான் பார்த்தது ட்ராம் நிறுத்தத்துக்கு அருகே துணி விரித்து விற்ற போலி, ஐந்து யூரோ. கையில் எடுத்தேன். கனம் தப்பு. நடைபாதைக் கல்லில் போட்டேன், 'டப்' என்றது. வெள்ளி என்றால் கிணுகிணுக்க வேண்டும். விற்றவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு "மூன்று யூரோ" என்றான். வாங்கிக்கொண்டேன்.

இரவு உணவுக்குச் சுப்ளீ, அரிசியும் சீஸும் உருட்டிப் பொரித்தது, ஒன்று 2.50. போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். மூன்று சாப்பிட்டேன், மகளிடம் இரண்டு என்றேன்.

மார்ச் 16, சனி

வலது முழங்கால் வேலைநிறுத்தம். காலை முழுக்க அறையில். செய்தியில் நம் ஊர்த் தேர்தல் தேதி அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பலகையில் 'வி' எழுதியவர் நினைவுக்கு வந்தார்.

மாலையில் வெயில் வந்ததும் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் கல்லறைக்குப் போனோம். வட்டமான பெரிய மண்மேடு, மேலே சைப்ரஸ் மரங்கள். சுற்றிலும் கட்டுமான வேலி. வேலி இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடிந்தது.

எழும்பூர்க் காசில் பார்த்த என் பையன்கள் உள்ளே இருக்கிறார்கள். பெரியவன் காயஸ், சின்னவன் லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். மகன் இல்லாத பெரியவர் அவர்களையே மகன்களாகத் தத்தெடுத்து வாரிசு என்று அறிவித்தார். கி.மு. 2-இலிருந்து இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் நகரில் வண்டி வண்டியாகக் காசு அடித்தார்கள்: முன்னால் தாத்தா, பின்னால் கேடயமும் ஈட்டியுமாகப் பேரன்கள். அடுத்து ஆளப்போவது யார் என்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிய வேண்டும். கி.பி. 2-இல் லூசியஸ் மார்சேயில் செத்தான், 18 வயது. கி.பி. 4-இல் காயஸ் லிசியாவில், 23 வயது. ஆண்டது டைபீரியஸ்.

ஆனால் காசுகள் அவர்கள் செத்த செய்தியைக் கேட்கவில்லை. கப்பல் ஏறி, மிளகுக்கும் படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல்லுக்கும் விலையாக நம் பக்கம் வந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் நுழைந்தன. அந்தப் பையன்களின் காசும், டைபீரியஸின் உட்கார்ந்திருக்கும் அம்மாள் காசும்தான் நம்மிடம் கிடைத்த வெள்ளியில் பெரும்பாலும். நீரோ எடையைக் குறைத்த பிறகு அடித்தவை அபூர்வம். நம் ஆட்கள் ஏமாறவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தி முகத்தின் குறுக்கே உளி வெட்டு. காரணம் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் இருந்திருந்தாலும் வெட்டித்தான் பார்த்திருப்பேன். முகத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அங்கேதான் தங்கம் மேடாக இருக்கும்.

"இவ்வளவுதானா அப்பா? இதைப் பார்க்கவா வந்தீர்கள்?" என்றாள் மகள். வேலிக்கு உள்ளே ஒரு தொழிலாளி மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். நாங்களும் அசைத்தோம்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் போர்ட்டா போர்டேசே சந்தை, ஒரு மணி நேரம். பழைய பூட்டு, பழைய செருப்பு, பழைய லிரா நோட்டு. பழங்காசு என்று எதையும் வாங்காதீர்கள், காகிதம் இல்லாமல் கொண்டுபோனால் வம்பு என்று மகள் பத்து முறை சொல்லிவிட்டாள். மனைவிக்கு ஒரு பீங்கான் உப்புக் குடுவை, ஆறு யூரோ.

மகள் விமான நிலையம் வரை வந்து, கண் கலங்காத மாதிரி நின்று, கண் கலங்கிவிட்டுப் போனாள்.

பாதுகாப்புச் சோதனையில் என் பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். திரையில் வட்டமாக ஏதோ தெரிகிறதாம். சீருடைக்காரர் கிளறி, உப்புக் குடுவைக்குள்ளிருந்து புரூட்டஸை வெளியே எடுத்தார். கையுறையைக் கழற்றினார். இரண்டு வாளையும் குல்லாயையும் பார்த்தார், திருப்பி முகத்தைப் பார்த்தார். எனக்கு வியர்த்தது. அது போலி என்று இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் காசை இரும்பு மேசையின்மேல் செங்குத்தாகப் போட்டார். 'டப்'.

என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், பாவம் ஏமாந்துவிட்டாயே என்பது போல. காசைக் குடுவைக்குள் போட்டு மூடிக் கொடுத்துவிட்டு, அடுத்த பையை இழுத்தார்.